பழைய சொகுசு காரின் சொந்தத் திரையில் ரிவர்ஸ் கேமரா: நான்கு வழிகளில் எது?

2005 முதல் 2014 வரை வந்த பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடி, லெக்சஸ் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு நடுவே நல்ல திரை இருக்கும், பின்னால் கேமரா இருக்காது. அன்றைக்கு அது தனிக் காசு கொடுத்துச் சேர்க்க வேண்டிய ஆப்ஷன். முதலில் வாங்கியவர் வேண்டாம் என்று விட்டிருப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்குத்தான் அந்தக் குறை உறுத்தும். ஒரு கேமராவை வாங்கி மாட்டிவிடலாம் என்று இறங்கினால், ஒயரை எங்கே சொருகுவது என்ற இடத்தில் வேலை நின்றுவிடும்.

சாதாரண காரின் டபுள் டின் (இரட்டை உயர அளவு) ஸ்டீரியோவில் திரையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். முதுகில் கேமராவுக்கென்றே மஞ்சள் ஆர்சிஏ சாக்கெட் தொங்கும். சொகுசு காரில் திரை வெறும் திரைதான். மூளையான ஹெட் யூனிட் அதற்குக் கீழேயோ, கிளவ் பாக்ஸிலோ, சில மாடல்களில் டிக்கியின் பக்கச் சுவரிலோ உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரு டிஜிட்டல் கேபிள்: ஜெர்மன் கார்களில் பெரும்பாலும் எல்விடிஎஸ், லெக்சஸில் ஜிவிஐஎஃப். சாதாரண கேமரா தருவதோ ஒரு வோல்ட் அளவுக்குள் ஏறி இறங்கும் அனலாக் வீடியோ. இரண்டும் நேரடியாக ஒட்டாது. எனவே எந்தக் கேமரா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படத்தை எந்த வாசல் வழியாகத் திரைக்குள் கொண்டுபோவது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது.

வழிகள் நான்கு. கம்பெனி கேமராவையே பின்னாளில் பொருத்தி கோடிங் (காரின் கணினிகளில் புதிய பாகத்தைப் பதிவது) செய்வது. ஹெட் யூனிட்டுக்கும் திரைக்கும் நடுவே ஒரு வீடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வைப்பது. திரையையே ஆண்ட்ராய்டு திரையாக மாற்றுவது. காரின் திரையைத் தொடாமல் கண்ணாடியில் குட்டி மானிட்டர் வைப்பது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் முதல் வழி மிக மலிவாக முடிந்துவிடுகிற கார்களும் உண்டு. அதைப் பார்க்காமலே பெட்டியை ஆர்டர் செய்வதுதான் அடிக்கடி நடக்கிற வீண் செலவு.

முதலில் உங்கள் காரில் இருப்பது எது?

மாடல் பெயரும் வருடமும் போதாது. பிஎம்டபிள்யூ ஐந்தாம் சீரிஸ் ஈ60-ல் முதலில் வந்தது சிசிசி என்ற ஐடிரைவ் (பிஎம்டபிள்யூவின் திரையும் குமிழும் சேர்ந்த அமைப்பு), கடைசிக் காலத்தில் வந்தது சிஐசி. இரண்டுக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி வேறு, கோடிங் வேறு. சிஐசி என்றால் ஐடிரைவ் குமிழைச் சுற்றி ரேடியோ, சிடி, டெலிபோன், நேவிகேஷன் என நேரடி பட்டன்கள் இருக்கும். பென்ஸில் ஹெட் யூனிட்டின் தலைமுறையைச் சொல்லும், என்டிஜி என்ற எழுத்துகளோடு வரும் எண்ணையும், ஆடியில் எம்எம்ஐ என்ற திரை அமைப்பு 2ஜியா 3ஜியா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சேசிஸ் நம்பரை வைத்து ஆப்ஷன் பட்டியலை எடுத்தால் ஊகத்துக்கே இடமில்லை.

அடுத்து திரையின் அளவு. ஒரே ஹெட் யூனிட்டுடன் 6.5 அங்குலமும் வரும், 8.8 அங்குலமும் வரும். சிஐசியின் 8.8 அங்குலத் திரை 1280×480 புள்ளிகள் கொண்டது, அதாவது உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிக அகலம். கேமரா தருவது 4:3 படம். அதை அப்படியே இழுத்து நிரப்பினால் பின்னால் நிற்கிற ஆள் குண்டாகத் தெரிவார், தூரமும் ஏமாற்றும். நல்ல பெட்டியில் இந்த விகிதத்தைச் சரிசெய்ய வசதி இருக்கும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

பார்க்கிங் சென்சார் இருந்து, ரிவர்ஸ் போட்டதும் திரையில் காரின் படமும் வண்ணப் பட்டைகளும் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால், ரிவர்ஸ் கியர் செய்தி கேன் பஸ் (காரின் குட்டிக் கணினிகளான மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் ஒயர்) வழியாகத் திரை இருக்கும் பக்கம் வரை வருகிறது என்று பொருள். பிறகு வேலை பாதி குறையும்.

கம்பெனி கேமரா: எங்கே லாபம், எங்கே தலைவலி

ஜப்பானிய சொகுசு கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வழியைத்தான். ரிவர்ஸ் கேமராவில் முன்னால் போனவர்கள் அவர்கள்தான்: டொயோட்டா சோரர் 1991-லேயே ஜப்பானில் பின்புறக் கேமராவுடன் வந்தது, அமெரிக்காவில் இன்ஃபினிட்டி க்யூ45 2002 மாடலில் வந்தது. அதனால் நேவிகேஷன் உள்ள பல லெக்சஸ், இன்ஃபினிட்டி ஹெட் யூனிட்களில், கேமரா இல்லாத காரிலும் கேமராவுக்கான பின்கள் காலியாகக் காத்திருக்கும். வீடியோ, வீடியோ எர்த், ரிவர்ஸ் சிக்னல், கேமராவுக்கான சப்ளை என நான்கே ஒயர். உங்கள் மாடலின் ஒயரிங் வரைபடத்தில் அந்தப் பின்களைக் கண்டுபிடித்துவிட்டால், பெட்டியும் வேண்டாம், திரையைக் கழற்றவும் வேண்டாம்.

இங்கே கேமராவைக் கொல்வது வோல்டேஜ். டொயோட்டா, லெக்சஸ், நிசான் கம்பெனி கேமராக்கள் பல ஏறக்குறைய 6 வோல்டில் ஓடுபவை. அந்த 6 வோல்டை ஹெட் யூனிட்டே தரும். கம்பெனி கேமராவை ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்டில் சொருகினால் அன்றோடு முடிந்தது. தலைகீழாக, வெளியில் வாங்கிய 12 வோல்ட் கேமராவை அந்த 6 வோல்ட் பின்னில் கொடுத்தால் கறுப்புத் திரைதான் வரும். உடனே கேமரா டெட் என்று தூக்கிப்போட்டு இன்னொன்று வாங்குவார்கள். மல்டிமீட்டரை ஒருமுறை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜெர்மன் கார்களில் கதை வேறு. கேமரா மட்டும் போதாது. தனி கன்ட்ரோல் மாட்யூல், அதற்கான ஒயரிங், ஃபியூஸ், கடைசியில் கோடிங் எல்லாம் தேவை. பிஎம்டபிள்யூ ஈ சீரிஸில் காரின் ஆர்டர் பட்டியலில் 3ஏஜி என்ற ஆப்ஷனைச் சேர்த்து எழுதி, சம்பந்தப்பட்ட மாட்யூல்களைத் திரும்பக் கோடிங் செய்ய வேண்டும். ஆடியில் கேமரா மாட்யூலுக்கு 6சி என்ற டயக்னாஸ்டிக் முகவரி; அது இருக்கிறது என்று ஹெட் யூனிட்டுக்கும் சொல்ல வேண்டும், பிறகு பலகை வைத்துக் கேலிபரேஷன். அதைச் செய்யாமல் விட்டால் படம் வந்தாலும் அதன் மேல் தூரம் காட்டும் கோடுகள் நம்பத்தகுந்தவையாக இருக்காது, மாட்யூலில் ஃபால்ட் கோடும் அப்படியே நிற்கும். கோடிங் நடக்கும்போது பேட்டரி சார்ஜர் கண்டிப்பாக இணைந்திருக்க வேண்டும். பாதியில் வோல்டேஜ் இறங்கி, எழுதிக்கொண்டிருந்த மாட்யூல் உயிரை விட்டால், கேமராவின் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? ஸ்டீரிங்கோடு சேர்ந்து வளையும் கோடுகள், பார்க்கிங் சென்சார் படத்தோடு ஒரே திரையில் கேமரா, காரின் மெனுவிலேயே வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மாற்றும் வசதி. காரை இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், கோடிங் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால், இதைத் தேர்ந்தெடுக்கலாம். உடைத்த காரிலிருந்து பாகம் எடுப்பதானால், லென்ஸில் வெயில்பட்ட மங்கல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கனெக்டரை ஒட்டி நறுக்காமல் 15 சென்டிமீட்டர் ஒயரோடு கேட்டு வாங்குங்கள். தலைமுறை மாறிய மாட்யூல் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் பேசாது.

இன்டர்ஃபேஸ் பெட்டி

கைக்கடக்கமான ஒரு பெட்டி. ஹெட் யூனிட்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிளைக் கழற்றி பெட்டிக்குள் விட்டு, பெட்டியிலிருந்து இன்னொரு கேபிளைத் திரைக்குக் கொடுக்க வேண்டும். சாதாரண நேரத்தில் வந்த படத்தை அப்படியே அனுப்பும். ரிவர்ஸ் விழுந்ததும் கேமராவின் அனலாக் படத்தைத் திரைக்குப் புரியும் டிஜிட்டல் வடிவமாக்கி அதைக் காட்டும். கியர் மாறியதும் விலகிக்கொள்ளும். காரின் கோடிங்கைத் தொடுவதில்லை. காரை விற்கும்போது கழற்றிவிட்டுப் பழைய கேபிளைச் சொருகினால் கார் பழையபடி. இந்த ஒரு குணத்துக்காகவே பழைய ஜெர்மன் கார்களுக்கு இதைச் சொல்லலாம்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடிப் பொடியாக டிப் சுவிட்சுகள் இருக்கும், வழக்கமாக எட்டு. எந்தத் திரை, கம்பெனி கேமராவா வெளிக் கேமராவா, எந்த இன்புட்டைத் திறப்பது என்பதெல்லாம் அவற்றில்தான். படம் இரண்டாகப் பிளந்தோ, சாய்ந்தோ, ஓரம் வெட்டியோ வந்தால் முதல் சந்தேகம் திரை வகைக்கான சுவிட்சின் மேல் விழட்டும். சுவிட்சை மாற்றியபின் பெட்டியின் மின்சாரத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும். பல பெட்டிகள் பவர் வரும்போது மட்டுமே சுவிட்சுகளைப் படிக்கும். இது தெரியாமல் எல்லாச் சேர்க்கையையும் முயன்று பார்த்து, எதுவும் மாறவில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

பெட்டி ரிவர்ஸை அறிவது கேன் பஸ்ஸைக் கேட்டு. கூடவே வரும் டி வடிவ ஹார்னஸை ஹெட் யூனிட் கனெக்டருக்கு இடையில் சொருகினால் கேன் ஒயர்கள் தானாகச் சேரும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஹார்னஸ் இல்லாமல் ஒயரைச் சீவி ஒட்டும் மலிவுப் பெட்டிகளைத் தவிர்ப்பது நல்லது. கேன் ஹையும் லோவும் ஒன்றோடொன்று உரசினால் டேஷ்போர்டில் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். ஹையையும் லோவையும் மாற்றிக் கொடுத்தால் பெட்டிக்குக் காது கேட்காது: படம் ஒழுங்காகக் கடந்து போகும், ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யாது.

ஹெட் யூனிட்டை வெளியே இழுக்கும்போது பின்னால் ஆரஞ்சோ பச்சையோ உறை போட்ட மெல்லிய ஒயர் தெரிந்தால் கை மெதுவாகட்டும். அது ஒயர் அல்ல, ஆடியோ பாகங்களை இணைக்கும் மோஸ்ட் என்ற வளையத்தின் பிளாஸ்டிக் ஃபைபர். உள்ளே ஓடுவது சிவப்பு ஒளி. 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைத்தால் ஒளி கசியும். ஆம்ப்ளிஃபயர், சிடி சேஞ்சர், டெலிபோன் எல்லாம் அந்த ஒரே வளையத்தில் கோர்த்திருப்பதால், எங்கே அறுந்தாலும் மொத்த ஆடியோவும் ஊமையாகும். பெட்டி போட்டபின் சத்தமே போய்விட்டது என்கிற புகாரில் பெரும்பாலும் பெட்டியின் குற்றம் எதுவும் இருக்காது. திரும்பத் தள்ளும்போது ஹெட் யூனிட்டுக்கும் பின் சுவருக்கும் நடுவே ஃபைபர் மடங்கியிருக்கும். பெட்டியை ஹெட் யூனிட்டின் பின்னாலேயே திணிக்க வேண்டாம். கிளவ் பாக்ஸின் மேல்புறமோ திரைக்கடியிலோ ஸ்பாஞ்ச் சுற்றி வையுங்கள். இல்லையென்றால் மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும், அதைத் தேடவே ஒரு நாள் போகும்.

குறைகளும் உண்டு. பெட்டி முழுப் படத்தையும் மறைத்துவிடுவதால் பார்க்கிங் சென்சாரின் வண்ணப் பட்டைகள் தெரியாது. பீப் சத்தம் மட்டும் கேட்கும். கேன் பஸ்ஸிலிருந்து சென்சார் தகவலை எடுத்துக் கேமராப் படத்தின் மேல் தானே வரைகிற பெட்டிகளும் இருக்கின்றன, கொஞ்சம் கூடுதல் விலையில். அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். இன்னொன்று தூக்கம். காரைப் பூட்டியபின் கேன் பஸ் அடங்கும்போது பெட்டியும் அடங்க வேண்டும். அடங்காமல் 200 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் மணி; 70 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரே வாரத்தில் பாதி காலி. அப்படிப்பட்ட பெட்டிக்கு நிரந்தர 12 வோல்டை எடுத்துவிட்டு, இக்னிஷனில் மட்டும் வரும் ஃபியூஸிலிருந்து சப்ளை கொடுக்கலாமே என்று தோன்றும். படம் கடந்து போவதே பெட்டி வழியாகத்தான் என்பதை மறக்கக் கூடாது: இக்னிஷனை அணைத்தபின்னும் பாட்டுக் கேட்க ரேடியோவைப் போட்டால் சத்தம் வரும், திரை இருட்டாக இருக்கும். பொறுத்துக்கொள்ள முடியுமானால் செய்யலாம்.

ஆண்ட்ராய்டு திரை

பழைய திரையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 10.25 அங்குலம் போன்ற பெரிய திரை. உள்ளே பார்த்தால் இதுவும் இன்டர்ஃபேஸ் பெட்டியின் வேலையைத்தான் செய்கிறது: பழைய ஹெட் யூனிட் அப்படியே இருக்கும், அதன் படம் புதிய திரை வழியாகக் கடந்து வரும், கேமராவுக்குத் தனி சாக்கெட். மேப், போன் இணைப்பு எல்லாம் சேர்த்து வேண்டும் என்றால் இது நியாயமான தேர்வு. கேமரா ஒன்றுக்காக மட்டும் இதைச் செய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. பழைய ஹெட் யூனிட்டின் ஆக்ஸ் (வெளியிலிருந்து பாட்டைக் கொடுக்கும் சாக்கெட்) வழியாகவே பாட்டு போக வேண்டியிருக்கும் மாடல்கள் உண்டு. ஆக்ஸ் இல்லாத காரில் அதற்கும் ஒரு பெட்டி. பல நாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்து உடனே ரிவர்ஸ் போட்டால், ஆண்ட்ராய்டு எழுந்திருக்கும்வரை சில திரைகள் கேமராவைக் காட்டாது. வாங்குமுன் காரை ஒரு இரவு நிறுத்திவிட்டு எடுத்த வீடியோவைக் கேளுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் திரையின் வீடியோவை அல்ல.

கண்ணாடி மானிட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 4.3 அங்குலத் திரை, இருக்கும் கண்ணாடி மேலேயே கிளிப் போட்டு மாட்டுவது. காரின் எந்த மாட்யூலையும் தொடாது. சொகுசு காரின் அசல் கண்ணாடியில் ஆட்டோ டிம்மிங் சென்சார் இருக்கும், கிளிப் மாடல் அதை மூடிவிடும். சொந்தத் திரையில் படம் வேண்டும் என்றவருக்கு அது விடையும் இல்லை. காரின் சொந்தத் திரை சும்மாதான் இருக்கும். ஒயர்லெஸ் கேமராவும் அப்படித்தான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை போனின் புளூடூத், வைஃபையோடு ஒரே அலைவரிசையில் இடிபடும், பின்னால் மின்சாரத்துக்கு எப்படியும் ஒயர் இழுத்தாக வேண்டும்.

வெளிக் கேமரா போடும் மூன்று வழிக்கும் பொதுவான வில்லன்: ரிவர்ஸ் லைட் ஒயர்

வழி எதுவானாலும், வெளிக் கேமரா போடும்போது தகராறு பிறக்கிற இடம் ஒன்றே. ரிவர்ஸ் பல்பின் ஒயரிலிருந்து கேமராவுக்கு 12 வோல்ட் எடுப்பது பழைய பழக்கம். பழைய சாதாரணக் காரில் அந்த ஒயரில் சுத்தமான 12 வோல்ட் இருந்தது. சொகுசு காரில் பல்பை ஓட்டுவது பாடி கன்ட்ரோல் மாட்யூல். பல்பின் ஆயுளுக்காகவும் வெளிச்சத்தைச் சமமாக வைக்கவும் மின்சாரத்தை வினாடிக்கு நூறு, இருநூறு முறை வெட்டி வெட்டித் தரும். மல்டிமீட்டரில் பத்து, பதினொன்று வோல்ட் என்று காட்டும். ஒயரில் எங்கோ தடை என்று நினைத்து எர்த்தைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். கேமராவில் அது படுத்த கோடுகளாகவும் மினுக்கலாகவும் வரும்.

தீர்வு சிறியது. பிளஸ் ஒயரில் ஒரு 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு உள்ள முனை கேமரா பக்கம். அதற்குப் பிறகு பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர், பிளஸ் மைனஸ் பார்த்து. கணக்கு இதுதான்: கேமரா 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, மின்சாரம் 5 மில்லி வினாடி வெட்டப்படுகிறது என்றால், அந்த இடைவெளியில் கெப்பாசிட்டர் இழப்பது அரை வோல்ட்தான்; கேமராவுக்கு அது தெரியவே தெரியாது. டையோடு இல்லாமல் கெப்பாசிட்டரை மட்டும் போட்டால் அது பல்புக்கும் சேர்த்துச் சப்ளை செய்யும். 21 வாட் பல்பு அதை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும், பலன் இல்லை. நிறைய இருந்தால் நல்லதுதானே என்று 10,000 மைக்ரோஃபாரட் வைத்தாலும் தப்பு: முதல் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை மாட்யூல் ஷார்ட் என்று எண்ணி லைட்டையே அணைத்துவிடலாம். ஒரு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் வரிசையில் இருக்கட்டும்.

இன்னொரு விசித்திரம்: நேராக ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரை கண்சிமிட்டும் நேரம் கேமராவுக்குத் தாவித் திரும்பும். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, லைட் அணைந்திருக்கும்போதும் மாட்யூல் மிகச் சிறு துடிப்புகளை அனுப்பும். பல்பு எரியாது, ஆனால் ரிவர்ஸ் விழுந்ததைப் பெட்டிக்குச் சொல்லும் ட்ரிக்கர் ஒயர் அதை ரிவர்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். கேன் பஸ்ஸில் ரிவர்ஸைப் படிக்கும் பெட்டியானால் அந்த ட்ரிக்கர் ஒயரை இணைக்கவே வேண்டாம்.

இதையெல்லாம் சுற்றிப்போக நல்ல வழி, கேமராவின் சப்ளையை முன்னாலிருந்தே கொண்டுபோவது. நல்ல பெட்டிகளில் ரிவர்ஸ் விழும்போது மட்டும் 12 வோல்ட் தரும் கேமரா அவுட்புட் உண்டு. வீடியோ, பிளஸ், எர்த் மூன்றும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால் இன்னொரு நோயும் வராது: கேமராவுக்கு எர்த்தை டிக்கியில் பாடியில் திருகி, ஆர்சிஏ உறை வழியாக முன்னாலும் எர்த் கிடைத்தால், இரண்டு இடத்துக்கும் நடுவேயுள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் திரையில் மெதுவாக மேலேறும் பட்டையாக வரும். ஆல்டர்னேட்டர் ஓடும்போது மட்டும் பட்டை வருகிறதென்றால் பெரும்பாலும் அதுதான்.

ரிவர்ஸ் சிக்னலுக்காகவே பின்னால் போக வேண்டுமா என்றால், ஆட்டோ டிம்மிங் கண்ணாடியின் கனெக்டரைப் பாருங்கள். ரிவர்ஸில் கண்ணாடி கறுக்கக் கூடாது என்பதற்காகப் பல மாடல்களில் அந்தச் சிக்னல் கூரை வரை வந்திருக்கும்.

கேபிளும் கேமராவும்

செடானுக்கு 6 மீட்டர் கேபிள் போதும். நீளமான எஸ்யூவிக்கு 8 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கி மூடிக்குப் போகும் ரப்பர் குழாய்தான் கஷ்டமான இடம். அதற்குள் ஏற்கெனவே ஒயர் நெருக்கமாக இருக்கும், ஆர்சிஏ பின் உள்ளே நுழையாது. கேமரா பக்கம் நான்கு பின் குட்டிக் கனெக்டர் உள்ள கேபிளாக வாங்கினால் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். சிலிக்கான் ஸ்ப்ரே அடித்து, விறைப்பான கம்பியை முதலில் விட்டு, அதன் வாலில் கேபிளைக் கட்டி இழுங்கள். ரப்பரின் இரு முனையும் பழைய பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஓரம் வெளியே நின்றால் மழை நீர் நேராக டிக்கிக்குள் இறங்கும், பல கார்களில் முக்கியமான மாட்யூல்கள் அங்கேதான் தரைமட்டத்தில் இருக்கின்றன. மூடியை முழுக்கத் திறந்தும் மூடியும் பார்த்து, கேபிள் இறுகாமல் ஒரு சிறு தளர்ச்சி விடுங்கள். அங்கிருந்து பின் சீட் ஓரம், கதவின் கீழ்ப்படி என்று முன்னால் வரலாம். பில்லர் பக்கம் திரைபோல விரியும் ஏர்பேக் இருக்கிற காரில் அதன் மேலே குறுக்காகக் கேபிளைப் போடக் கூடாது, மஞ்சள் கனெக்டர் எதையும் கழற்றவும் கூடாது.

கேமரா வாங்கும்போது ஏஎச்டி (உயர் தெளிவு அனலாக்), 1080 என்ற எழுத்துகளில் மயங்க வேண்டாம். பழைய பெட்டிகள் பல சிவிபிஎஸ் என்ற சாதாரண அனலாக்கை மட்டுமே எடுக்கும். ஏஎச்டியைக் கொடுத்தால் கறுப்பு அல்லது குப்பை. வீடியோ முறை என்டிஎஸ்சியா பாலா என்பதும் பொருந்த வேண்டும் (குடிக்கிற பால் இல்லை, 625 வரியும் வினாடிக்கு 50 ஃபீல்டும் கொண்ட பால், என்டிஎஸ்சி 525 வரி, 60 ஃபீல்டு). படம் உருண்டாலோ, கறுப்பு வெள்ளையாக வந்தாலோ அதுதான் காரணம். 480 வரித் திரையில் 1080 கேமராவால் ஆகப்போவது கொஞ்சம்தான். இரவில் ரிவர்ஸ் லைட்டின் மங்கல் வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்பதைக் கேளுங்கள். 170 டிகிரி என்று போட்டிருப்பது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்தது; அகலவாக்கில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். தண்ணீருக்கு ஐபி67 குறைந்தபட்சம். பிரஷர் வாஷுக்கு அடிக்கடி விடும் கார் என்றால் ஐபி69கே.

இடம் என்று பார்த்தால், டிக்கிக் கைப்பிடியையே கேமராவோடு மாற்றும் வகை முதல் தேர்வு: ஓட்டை போட வேண்டாம், நடுவில் இருக்கும். நம்பர் பிளேட் லைட்டுக்குப் பதிலாக வரும் வகை பக்கவாட்டில் தள்ளி இருப்பதால் கோடுகள் காரின் மையத்தோடு ஒட்டாது. 5 வாட் பல்பு இருந்த இடத்தில் எல்இடி வருவதால் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கையும் வரலாம். கேமராவிலிருந்து தொங்கும் இரண்டு குட்டி ஒயர் வளையங்களைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். ஒன்றை வெட்டினால் இடவலம் மாறும், மற்றொன்றை வெட்டினால் கோடுகள் மறையும். எந்த நிறம் எதற்கு என்பது கேமராவுக்குக் கேமரா மாறும். காருக்குப் பின்னால் இடது ஓரமாக ஒருவரை நிற்க வைத்து, திரையிலும் இடதுபுறம் தெரிகிறாரா என்று பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

டிரிம்களைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது தூக்கம்: பேட்டரி மைனஸில் அம்மீட்டரை வரிசையில் வைத்து, திறந்திருக்கும் கதவின் லாட்சை ஸ்க்ரூ டிரைவரால் மூடியதுபோலத் தள்ளி, காரைப் பூட்டி, சாவியைத் தள்ளி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெட்டியின் ஃபியூஸை எடுத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள், யார் விழித்திருப்பது என்று தெரிந்துவிடும். மீட்டர் வரிசையில் இருக்கும்போது யாரும் ஸ்டார்ட்டரைத் தொட்டுவிடக் கூடாது.

இரண்டாவது பார்வை. அமெரிக்காவில் 2018 மே 1 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமான எஃப்எம்விஎஸ்எஸ் 111 விதி கேட்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: காருக்குப் பின்னால் 3 மீட்டர் அகலம், 6.1 மீட்டர் நீளப் பரப்பு தெரிய வேண்டும், ரிவர்ஸ் போட்ட 2 வினாடிக்குள் படம் வர வேண்டும். அந்தச் சோதனையில் வைக்கும் உருளைகளின் உயரம் 80 சென்டிமீட்டர், ஏறக்குறைய நடக்கப் பழகிய குழந்தையின் உயரம். அதே உயரத்தில் ஏதாவது ஒன்றைப் பம்பரின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் பின்னால் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் ஒரு கீற்றாகத் தெரியும்வரை கேமராவைச் சாய்த்து, பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள். தரையில் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டு, திரையின் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் உங்கள் காரில் உண்மையில் எந்தத் தூரத்தைக் காட்டுகின்றன என்று பாருங்கள். கேமராவில் அச்சாகி வரும் கோடுகள் வேறேதோ உயரத்துக்குப் போட்டவை. சிவப்பு முடியும் இடம் சில கார்களில் பம்பருக்கு உள்ளேயே விழும்.